மூன்று கட்டை நேரம்

சாத்தூர்ப் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீசில் வெள்ளைத்தாய் இருபது வருஷமாகக் கட்டை அடுக்கினாள். மரச்சட்டத்தில் தீக்குச்சிகளை வரிசையாகச் செருகுவதற்குத்தான் அந்தப் பெயர். ஒரு கட்டை முடியப் பத்து நிமிஷம் ஆகும். உலகத்தில் எதற்கு எவ்வளவு நேரம் என்பதை அவள் கட்டைக் கணக்கில்தான் சொல்வாள். சோறு வேக இரண்டு கட்டை, விருதுநகர் போக ஐந்து கட்டை. தானே அளந்து பார்க்காமல் எதையும் நம்பாத பிறவி.

2009இல் ஊரெல்லாம் இலவச ஆம்புலன்ஸ் பேச்சு. அதுவரை பாம்பு கடித்தாலும் பிரசவ வலி கண்டாலும் முனியசாமியின் லோடு வண்டிதான். பாவம், மூட்டைகளை அப்படியே இறக்கிப் போட்டுவிட்டு ஆளை ஏற்றிக்கொள்வான். மருமகள் பானுப்பிரியாவுக்கோ ஒன்பது மாதம், தலைப்பிரசவம். எந்த வண்டியைக் கூப்பிடுவது? வெள்ளைத்தாய் கண்ணில் பட்டவர்களையெல்லாம் நிறுத்தி, "அந்த வண்டிக்குள்ள என்னதான் வச்சிருக்காக?" என்று குடைந்தெடுத்தாள். வைத்தியம் தெரிந்த ஆளே உள்ளே இருப்பதாகக் கேள்விப்பட்டதும் மனசு அந்தப் பக்கம் சாய்ந்தது.

ஒரு நாள் விடிந்ததிலிருந்தே பானுப்பிரியா வலியைச் சொல்லாமல் பல்லைக் கடித்திருக்கிறாள். தெரிந்ததும் வெள்ளைத்தாய் ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். சென்னையில் ஒரு பெண் எடுத்து இடம் கேட்டாள்.

"பெரிய மொதலாளி ஆபீசுக்கு வடக்க தாயி."

"எந்த ஊரும்மா? எந்தத் தாலுகா?"

"அதான் சொல்றேம்ல, பெரிய மொதலாளி ஆபீசு."

ஊருக்குப் பெயர் இருந்தாலும் இந்தப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியை வைத்துத்தான் இடம் சொல்வார்கள். பெரிய முதலாளியைத் தெரியாத ஆளும் உலகத்தில் உண்டா என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம். சேதி கேட்டு ஓடிவந்த முனியசாமிதான் போனை வாங்கி ஊர்ப்பெயரைச் சொன்னான்.

"மதினி, நம்ம வண்டி வாசல்ல நிக்கி. ஏத்துங்க, போயிருவோம்."

வெள்ளைத்தாய் மருமகளின் முகத்தைப் பார்த்தாள்.

"வேண்டாம்ப்பா. நீ மெயின் ரோட்டுக்குப் போயி அந்த வண்டிக்கு வழி காட்டு."

அது வந்து சேர மூன்று கட்டை நேரம் ஆனது.

ஒரு மாதம் கழித்து எழில் என்ற பெண் படிவத்தோடு வந்தாள். ஆம்புலன்ஸ் வந்தபின் அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போவது எப்படி மாறியிருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்கும் வேலை. வெள்ளைத்தாய் சொன்ன மூன்று கட்டையை அரை மணி நேரமாக்கி, 'தாமதம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள்.

"அதுல ஒரு கட்டை என்னாலதான் தாயி. எடம் சொல்லத் தெரியல."

"லோடு வண்டின்னா உடனே கெளம்பியிருப்பீங்கல்ல?"

"கெளம்பியிருப்போம். ஆனா விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு அஞ்சு கட்டை ஆகுமே. போன் போட்டதுலருந்து நாலாவது கட்டையிலயே, வண்டிக்குள்ளயே புள்ள பெறந்துருச்சு. அழல, நீலம் பாரிச்சுக் கெடந்துச்சு. ஆம்புலன்சுல இருந்த பொண்ணு சளிய உறிஞ்சி எடுத்து, முதுகத் தேச்சு அழ வச்சா."

வெள்ளைத்தாய் பேரனைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"லோடு வண்டின்னா, அந்நேரம் பக்கத்துல நான் மட்டுந்தான் இருந்திருப்பேன்."