நிறைந்த கிண்ணம்

கைரொல்லாவால் ஓரிடத்தில் உட்கார முடியாது. இருபத்திரண்டு வருஷம் சுரங்க லாரி ஓட்டியவன்தான், அங்கே மட்டும் பன்னிரண்டு மணி நேரம் அசையாமல் உட்காருவான். வீட்டில் நாற்காலி அவனுக்கு முள். ஒரு கேள்வித்தாளைக் கையில் கொடுத்தால் மூன்றாவது கேள்வியிலேயே எழுந்து நாய்க்குத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கப் போய்விடுவான்.

அந்த இலையுதிர் காலத்தில் அவன் உட்கார்ந்தே ஆக வேண்டியிருந்தது. சுரங்கத்தை அக்டோபர் கடைசியில் மூடப் போகிறார்கள். பால்காஷ் ஏரிக்கு இந்தப் பக்கம் புதிதாக வந்த செம்பு ஆலையில் லாரிகளை அனுப்பிவைக்கும் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். லாரியைப் பற்றி அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கணினிக்கு முன்னால் பதினெட்டு நிமிஷத்தில் இருபது கேள்வி, பன்னிரண்டு சரியாக வேண்டும், அவ்வளவுதான். தேறாவிட்டால் மகன் மெய்ராம் மாதிரி மேற்கே எண்ணெய் வயலுக்குப் போக வேண்டும். மாதம் முழுக்க அங்கே தகரக் கொட்டகையில் படுக்கை. நாற்பத்தேழு வயதில் முதுகு அதற்கு ஒத்துக்கொள்ளாது.

வீட்டில் இந்த மாதிரிப் பரீட்சை எழுதித் தேறிய ஒரே ஆள் மருமகள் அக்போபெ. அப்படித்தான் வங்கியில் சேர்ந்தாள். காலையில் வங்கிக்குப் போகும் முன்னும், சாயங்காலம் வந்த பிறகும், தேநீர் ஊற்றிக்கொண்டே கேள்வியைப் படிப்பாள். அவன் பதில் சொல்வான். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். சரியாகத்தான் சொல்கிறோம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். வாரக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் இருபதில் ஒன்பதுதான் சரி.

"ஏன் சொல்லல?" என்று உறுமினான்.

"நான் எப்படி மாமா உங்களத் தப்புன்னு சொல்றது?"

அதுவும் நியாயம்தான். மாமனார் பெயரைக்கூட வாயில் எடுக்காதவள், அவர் சொன்னதைத் தப்பு என்று எப்படிச் சொல்வாள்? கைரொல்லா தேநீர்க் கிண்ணத்தையே முறைத்துப் பார்த்தான். பாதிக்கும் கீழேதான் ஊற்றியிருந்தாள். மதிப்பான ஆளுக்கு அப்படித்தான் ஊற்றுவார்கள், திரும்பத் திரும்ப. விளிம்பு வரை நிறைத்துவிட்டால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம்.

"வாயால சொல்ல வேணாம்மா. தப்புன்னா நிறைச்சு ஊத்திடு."

அவன் மனைவி ரைஹானுக்கு இது பிடிக்கவே இல்லை. என் வீட்டு மேசையில் இந்தக் கூத்தா என்று கேட்டுவிட்டு, பாடம் தொடங்கினாலே எழுந்து போய்விடுவாள். ஆனால் பாடம் ஏறியது. சதவீதம், அட்டவணை எல்லாம் பத்து நாளில் பிடிபட்டன. லாரி எண்ணெய்க் கணக்கு பார்த்த மூளைதானே. ஒரே ஒரு வகைக் கேள்விதான் அவனைப் போட்டு ஆட்டியது. நாலு வரி கொடுத்து, கீழே ஒரு வாக்கியம் இருக்கும். சரி, தவறு, சொல்ல முடியாது, இந்த மூன்றில் ஒன்று. மூன்றாவதைச் சொல்ல அவனுக்கு வாய் வராது. தெரியாது என்று சொல்கிறவனைச் சுரங்கத்தில் யாரும் வண்டியில் ஏற்ற மாட்டார்கள்.

பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது ரைஹானின் அண்ணன் ஒஸ்பான் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். கைரொல்லா பரீட்சைச் சங்கதியை அவரிடம் மறைத்தே வைத்திருந்தான். அவர் நாக்கு அப்படி. கேள்விக் காகிதத்தை விரிப்புக்கு அடியில் தள்ளினான். ஆனாலும் அதிலிருந்த கேள்வி அவனை இருப்புக் கொள்ள விடவில்லை. பேச்சோடு பேச்சாக மருமகளிடம் திரும்பினான்.

"கொட்டகையில பன்னெண்டு லாரி, எட்டு வெளிய போச்சு. மிச்ச நாலும் ரிப்பேரு. சரிதானேம்மா? சும்மா நிக்கிற லாரி வேற எதுக்கு நிக்கும்?"

பழக்கதோஷம். அக்போபெயின் கை தானாகச் சாய்ந்தது. கிண்ணம் விளிம்பு வரை நிறைந்து அவன் முன்னால் வந்தது.

ஒஸ்பான் கிண்ணத்தைப் பார்த்தார். தங்கச்சியைப் பார்த்தார்.

"என்னப்பா மச்சான், மருமக உன்ன உன் வீட்ட விட்டே கிளம்பச் சொல்றா?"

ரைஹானின் முகம் கறுத்தது. அக்போபெ தேநீர்க் கெண்டியை வைத்துவிட்டு எழப் பார்த்தாள். விளையாட்டு என்று சிரித்து மழுப்பிவிடலாம். மழுப்பினால் நாளையிலிருந்து அவள் கை எழாது, ரைஹானும் விட மாட்டாள். இன்னும் நாலே நாள். கைரொல்லா எழுந்தான், சன்னல் வரை போனான், திரும்பி வந்தான். விரிப்புக்கு அடியிலிருந்து காகிதத்தை உருவி மேசைமேல் போட்டான்.

"நான் பரீட்சைக்குப் படிக்கிறேன். அவதான் சொல்லித் தர்றா. நான் தப்பாச் சொன்னேன், அவ நிறைச்சா. நான் சொல்லித்தான் செய்றா. உக்காரும்மா, அடுத்ததக் கேளு."

ஒஸ்பான் விழுந்து விழுந்து சிரித்தார். லாரிக்காரனுக்கு மூக்குக் கண்ணாடியும் பள்ளிக்கூடப் பையும் வாங்கித் தருகிறேன் என்றார். அப்புறம் காகிதத்தை இழுத்து அந்த நாலு வரியைத் தானே படித்தார். அடித்துச் சொன்னார், நாலும் ரிப்பேர்தான் என்று. அக்போபெ மாமியாரைப் பார்த்தாள். ரைஹானே கெண்டியை எடுத்து அண்ணன் கிண்ணத்தை வழிய வழிய நிறைத்தாள்.

பரீட்சைக் கூடத்தில் தேநீர் இல்லை. பதினான்காவது கேள்வி அவனைப் பிடித்துக்கொண்டது. ஓட்டுநர் நாற்பது நிமிஷம் தாமதமாக வந்தார், அன்று சாலையில் பனி இருந்தது. கீழே இருந்த வாக்கியம், தாமதத்துக்குக் காரணம் பனி. கைரொல்லாவுக்குச் சிரிப்பு வந்தது. பனியாவது மண்ணாவது, பயல் வழியில் நிறுத்தித் தூங்கியிருப்பான், கைரொல்லாவே எத்தனை தடவை அப்படித் தூங்கிவிட்டுப் பனி என்று சாக்குச் சொல்லியிருக்கிறான். விரல் 'தவறு' மேல் போய்விட்டது. அப்போது கண்ணுக்குள் ஒரு கிண்ணம் நிறைந்தது. விரலை நகர்த்தி மூன்றாவதை அழுத்தினான். கால் மட்டும் மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் செய்தி வந்தது. பதின்மூன்று சரி. திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் கிண்ணத்தை நீட்டினான். "நிறைச்சு ஊத்தும்மா. நாக்கு வறண்டு கிடக்கு."

அக்போபெ கெண்டியைச் சாய்த்தாள். பாதியில் கை நின்றுவிட்டது.

"வர மாட்டேங்குது மாமா."

அவன் அதைக் குடித்தான், மறுபடி நீட்டினான். பதினொரு கிண்ணம் ஆயிற்று. நடுவில் மூன்று தடவை எழுந்து போய், திங்கட்கிழமைக்குப் போட்டுக்கொள்ள வைத்திருந்த காலணியைத் துடைத்துவிட்டு வந்தான்.