டிரம்முக்கு மேலே ஒரு சாண்

இதைப் படிக்கும் உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்பு வேண்டாம்; அதை நானே எழுதிக்கொண்டுவிட்டேன். கைதட்டலுக்காக ஒரு சொல்லையாவது கூட்டுகிறேனா என்று மட்டும் கவனியுங்கள். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. எங்கள் தீவு நாட்டின் லவுடோக்கா நகரப் பள்ளி மேடைகளில் எந்தத் தலைப்பிலும் எந்தப் பக்கத்திலும் நின்று வென்றவன் நான். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் வாயடைத்து நின்றேன். அதைக் கேட்டவர் என் அண்ணன்.

ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு நம்மவர்கள் நாட்டை விட்டுப் போகப் போக, அந்நகரை ஒட்டிய நடபுவாவில் எங்கள் மேட்டுத் தெருவின் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. குழாய் வேலை செய்துவந்த அண்ணனுக்கும் ஆக்லாந்து போக அனுமதி வந்தது. கோயிலில் தீமிதி ஞாயிற்றுக்கிழமை. அவருடைய விமானம் செவ்வாய்க்கிழமை.

தீ மிதிப்பவர்கள்மீது ஊற்றும் மஞ்சள் தண்ணீருக்காகக் கோயில் வாசலில் ஒரு பெரிய டிரம் இருக்கும். ஊர்க் குழாயிலிருந்து ஹோஸ் பைப் வழியாக அதை நிரப்புவோம். அந்தப் பைப்பின் வாயை டிரம்மின் விளிம்புக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், கயிற்றால் கம்பத்தோடு அண்ணன் கட்டிவைப்பார். அந்த வருடமும் கட்டிக்கொண்டே, என் மேடைப் பேச்சுக்காக எனக்கு வைத்திருந்த கேலிப்பெயரோடு விளக்கினார்.

“ஊர் மெயின் கொழாயில தண்ணி நின்னுச்சின்னா, பைப்பு வாய் மூழ்கியிருந்தா டிரம்முல இருக்கறத உறிஞ்சிக்கும். கீழ் வூட்டுல கொழாயத் தொறந்தா அது அங்க போய் ஊத்தும். புரியுதா, லீடர் சாப்?”

“புரியுது, புரியுது. நான் பேசணும், நகருங்க.”

“அரே, பேசு பேசு. தண்ணிக்குக் காது கெடையாது.”

வீட்டில் ஹிந்தி பேசும் நாங்கள், சாமிக்கு முன்னால் மட்டும் தமிழுக்குத் திரும்புவோம். என் வயதுக்காரர்களில் மைக்கின் முன்னே தமிழில் நிற்கக்கூடியவன் நான் ஒருவன்தான். அந்த வரவேற்புரையை மூன்று வாரம் மனனம் செய்திருந்தேன். ஆனால் மைக் வைத்த மேடை டிரம்முக்குப் பக்கத்தில் இருந்தது. உயரத்திலிருந்து விழும் தண்ணீரின் சளசளப்பு என் முதல் வாக்கியத்தை விழுங்கியது. அண்ணன் தீக்குழிப் பக்கம் போயிருந்தார். நான் கயிற்றை அவிழ்த்துப் பைப்பை டிரம்மின் அடிவரை இறக்கினேன். சத்தம் அடங்கியது. என் குரல் தெரு முழுவதும் கேட்டது.

பேச்சின் பாதியில் ஊர்த் தண்ணீர் நின்றிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. முடிக்கும் நேரத்தில், சரிவில் கோயிலுக்குக் கீழே குடியிருந்த அக்கா ஒருவர் கையில் ஒரு சொம்போடு மூச்சிரைக்க ஏறி வந்தார். அவருடைய கணவர் முன்னதாகவே ஆக்லாந்து போயிருந்தார். கைக்குழந்தையோடு அவர் தனியாக இருந்தார்.

“எங்க வூட்டுக் கொழாயில மஞ்சத் தண்ணி வருது! ஆத்தா எறங்கி வந்துட்டா!”

கூட்டம் குலவையிட்டது. “மைக்குல சொல்லுடா தம்பி!” என்று யாரோ கத்தினார்கள். டிரம்மைப் பார்த்தேன், தண்ணீர் பாதிக்கு இறங்கியிருந்தது. எனக்கு விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும் மைக்கைப் பிடித்துச் சொன்னேன்: “தாய் தன் பிள்ளைகளின் வாசல் தேடி வந்துவிட்டாள்!” அக்கா சொம்பிலிருந்து ஒரு மிடறு குடித்துவிட்டு, குழந்தைக்குப் புகட்டுவதற்காகக் கீழே ஓடினார்.

அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து டிரம்முக்குள் கைவிட்டுப் பைப்பை வெளியே இழுத்தார்.

“யாரு உள்ள போட்டா?”

நான் பேசவில்லை.

“குடிக்காதீங்க! இதுல எத்தன பேரு கைகால் கழுவியிருக்காங்க! இன்னிக்கு மஞ்சள், நாளைக்குக் கரும்புக்கு அடிக்கற மருந்தா இருந்தா?”

“நாட்ட விட்டுப் போறவன் போக வேண்டியதுதானே? சாமிய ஏன்டா கொற சொல்றே?” என்றார் ஒரு பெரியவர்.

அண்ணன் கோயிலின் வால்வை மூடினார். பிறகு சரிவிறங்கி வீடு வீடாகப் போனார். தண்ணீர் திரும்பி வந்ததும் குழாயைத் திறந்து நெடுநேரம் ஓடவிடும்படி சொன்னார். சிலர் கேட்டார்கள், சிலர் சிரித்தார்கள். நான் மேடையிலேயே நின்றேன்.

திங்கட்கிழமை மாலை அம்மா அண்ணனுக்காகத் தேங்காய்ப் பாலில் டாலோ என்னும் சேம்புக் கீரையும் மீன் குழம்பும் வைத்திருந்தார். அம்மா, அப்பா, அண்ணன், நான் என நால்வரும் தட்டில் கை வைத்தபோது அக்கா வாசலில் நின்றார். குழந்தைக்கு வாந்தி நிற்கவில்லை. அண்ணன் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். நானும் எழுந்தேன்.

“நீ சாப்புடு, லீடர் சாப். இதுக்குப் பேச்சு வேணாம்.”

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பியபோது விடிந்திருந்தது. குழந்தைக்கு மருந்தேற்றியிருந்தார்கள், பிழைத்துக்கொண்டது. குளித்தார், பெட்டியை எடுத்தார். நாங்கள் நால்வரும் சேர்ந்து உண்ண வேண்டிய கடைசிச் சாப்பாடு மூடியே கிடந்தது. நாடி விமான நிலையத்தில் என் தோளைத் தட்டி, “பைப்ப மேலயே கட்டு” என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரியும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போதும் தொலைபேசியில் மழை பெய்ததா என்று கேட்பார், அம்மாவின் முழங்காலைக் கேட்பார். ‘யாரு உள்ள போட்டா’ என்ற அந்தக் கேள்வியை மட்டும் மறுபடி கேட்பதில்லை. கேட்கமாட்டாரா என்று ஒவ்வொரு முறையும் காத்திருந்து ரிசீவரை வைப்பேன். ஊர்த் தண்ணீர் நிற்கும்போதெல்லாம் எங்கள் வீட்டுக் குழாய் காற்றை உள்ளிழுத்து ஒரு பெருமூச்சு விடும். சாப்பிடும்போது அதைக் கேட்டால், அவர் தட்டு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

மறு வருடத் தீமிதிக்குக் கூட்டம் பாதிதான். குழந்தையோடு அக்காவும் ஆக்லாந்து போய்விட்டார். அந்த வீட்டிலும் பூட்டு. நானே பைப்பை விளிம்புக்கு மேலே ஒரு சாண் விட்டுக் கட்டினேன். இரண்டு முடிச்சு. அண்ணன் போடுவதைப் போல எனக்கு வரவில்லை. தண்ணீர் சளசளவென்று விழுந்தது, மைக்கிலும் கேட்டது. எழுதிக் கொண்டுபோன உரையை மடித்துவிட்டேன்.

“போன வருஷம் பைப்ப டிரம்முக்குள்ள போட்டவன் நான்தான். ஆத்தா வந்தான்னு சொன்னது பொய். எங்க அண்ணன் சொன்னதுதான் நெஜம்.”

யாரும் குலவையிடவில்லை. தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே குரலை உயர்த்தினேன்.

“இந்த மேட்டுல ஒரே ஒரு வூடாவது தொறந்திருக்கற வரைக்கும் இந்தப் பைப்பு வாய் தண்ணியில படாம நான் பாத்துக்கறேன்.”