கழுத்துப் பட்டையின் சத்தம்

அந்தக் காட்டிலிருந்து அற்றுப்போய் நாற்பது வருடமான காட்டுப்பூனையை மறுபடி அங்கே கொண்டுபோய் விட்டபோது, ஏரியலைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னால் அலையும் வேலை அவளுக்குக் கிடைத்தது. ஊர் அவளுக்கு ‘ஏரியல்காரி’ என்று பேர் வைத்தது. கல்யாணம் வேண்டாமென்று நின்றவள் பூனைக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டாள் என்றும் சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும். அந்தப் பெட்டைப் பூனையின் கழுத்தில் மாட்டிய ரேடியோப் பட்டை அனுப்பும் ‘டிக் டிக்’ ஒன்றுதான் அவள் காதுக்கு வேண்டியிருந்தது.

ஏழாம் மாதம் அது நின்றுபோனது. தேடிப் போனவள் ஓடைக்கரையில் பூனையைக் கண்டாள். சுருக்கில் மாட்டிச் செத்து, தோல் உரிபட்டுக் கிடந்தது. வயிற்றில் மூன்று குட்டிகள். பட்டையைக் காணோம். சுருக்குக் கம்பியைக் கையில் எடுத்ததுமே அடையாளம் தெரிந்தது. சைக்கிள் பிரேக் கம்பி. அதை இப்படி இரட்டை முறுக்காக முறுக்கும் கை ஊரில் ஒன்றுதான்: சைக்கிள் கடை வைத்திருக்கும் அக்காள் வீட்டுக்காரர்.

யாரிடமும் மூச்சுவிடவில்லை. வெறும் கம்பியை வைத்து வழக்கு நிற்காது, பட்டை வேண்டும். இரும்புக்குள் பூட்டி வைத்திருந்தால் அதன் சத்தம் வெளியே வராது; திறக்கிற நேரம் பக்கத்தில் இருந்தால்தான் கேட்கும். கடைக்குப் பின்னால்தான் அக்காள் வீடு. மதியச் சாப்பாட்டை அங்கே மாற்றிக்கொண்டாள். காலடியில் ஏரியல் பை, முடிக்குள் மறைத்து ஒரு காதில் இயர்போன்.

“என்னடி, அதிசயமா தினமும் வர்ற?”

“உன் கைப்பக்குவம்தான்க்கா.”

பத்தொன்பது நாள் அவரோடு சிரித்துப் பேசிச் சாப்பிட்டாள். இருபதாம் நாள் கடைப்பக்கம் இரும்புப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. உடனே அவள் காதில் டிக் டிக். தட்டில் இருந்ததைத் தின்று முடித்து, கையைக் கழுவிவிட்டு, வனத்துறை அதிகாரிகளுக்குப் போன் போட்டாள்.

பெட்டிக்குள் பட்டையும் இருந்தது, தோலும் இருந்தது.

“நீ நம்ம வீட்டுப் பொண்ணும்மா, இவங்ககிட்ட கொஞ்சம் சொல்லேன். நான் முயலுக்குத்தான் வச்சேன்” என்று கெஞ்சினார்.

“முயலுக்கு வச்சவரு பூனைத் தோலை எதுக்கு மாமா உரிச்சீங்க?”

அக்காள் தலையில் அடித்துக்கொண்டாள். “என் சோத்தைத் தின்னுக்கிட்டே என் குடியைக் கெடுத்துட்டியேடி!”

விசாரணை நடந்த நாளெல்லாம் லீவு போட்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். இரண்டு வருடம் என்று தீர்ப்பு வந்தபோது, “அவ்வளவுதானா?” என்று வக்கீலைக் கேட்டது கூண்டில் நின்றவருக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் கேட்டாள்.

அக்காள் வீட்டுக் கதவு அதன்பிறகு அவளுக்குத் திறக்கவே இல்லை. இரண்டொரு இரவு அழுதாள். ஆனால் செய்ததை எண்ணி வருந்தவில்லை.

அடுத்த வருடம் இன்னொரு பெட்டைப் பூனையைக் காட்டில் விட்டார்கள். வேடிக்கை பார்க்க ஊரே வந்திருந்தது. கூண்டு திறந்ததும் எல்லோரும் பூனையைப் பார்த்தார்கள். அவள் மட்டும் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.