இஞ்சினை அடைவு வைத்த நத்தார் பாப்பா

நான் ஒரு விசரன், முழுப் பைத்தியம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து மனம் நோகக் கூடாது. படகில் பூட்டுகிற இஞ்சினை அடைவு வைத்து, அந்தக் காசில் விளையாட்டுக் கார் வாங்கிய மீனவன் குருநகரில் நான் ஒருவன்தான். அதுவும் என் பிள்ளைகளுக்கு அல்ல, ஊரார் பிள்ளைகளுக்கு.

எங்கள் ஒழுங்கைக்கு, இந்த ஒடுக்கமான தெருவுக்கு, வருசா வருசம் நத்தார் பாப்பா நான்தான். வயிறு சொந்தமாகவே இருப்பதால் தலையணை தேவையில்லை. சிவப்பு உடுப்பு, வெள்ளைத் தாடி, சிரிக்கிற பிளாஸ்டிக் முகமூடி, கையில் மணி. ஆடிக்கொண்டு போய் இனிப்பு எறிவதுதான் வேலை. ஆனால் ஒரு வருசம் பக்கத்து ஒழுங்கைப் பாப்பா கனடாவிலிருந்து வந்த காசில் பிள்ளைக்கொரு பந்து கொடுத்துவிட்டான். எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த நத்தாருக்கு நான் பாண்ட் வாத்தியம் பிடித்தேன். வெடி கட்டுக் கட்டாக வாங்கினேன். பெட்டைகளுக்குப் பொம்மை, பெடியளுக்குக் கார். அன்றைக்கு எங்கள் ஒழுங்கையில் என்னைவிடப் பெரிய மனிதன் இல்லை.

தை பிறந்தது. என் படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. இஞ்சின் வட்டிக்காரரின் கொட்டிலில் சாக்குப் போர்த்துக்கொண்டு படுத்திருந்தது.

இனிச் சொல்லப்போவதற்குச் சிரிக்காதீர்கள். அந்த முகமூடி என்னைப் பிடித்துக்கொண்டது. அறைச் சுவரில் ஆணியில் மாட்டியிருந்தேன். நான் சோறு தின்னும்போது சிரித்தது. மனைவி கடனைப் பற்றிக் கதைக்கும்போதும் சிரித்தது. சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினேன். அது இன்னும் மோசம். குழிந்த உட்புறம், நான் போகிற பக்கமெல்லாம் மெல்லத் திரும்பியது. வெளியே இறங்கினால், "பாப்பா! அடுத்த வருசம் எனக்குச் சைக்கிள்!" என்று சின்னனுகள் பின்னால் ஓடிவந்தார்கள். மணிச் சத்தம் கேட்டாலே ஓடினேன். ஐஸ்கிறீம் வண்டிக்காரனுக்குக்கூட ஒளித்திருக்கிறேன்.

வேறொருவரின் படகில் பங்குக்குக் கடலுக்குப் போனேன். உழைப்பு வந்தது, கையில் தங்கவில்லை. தேத்தண்ணிக் கடையில் எல்லாருக்கும் நான்தான் வாங்கிக் கொடுப்பேன். பகிடி விட்டுச் சிரிக்க வைக்கிறவன் கஞ்சனாக இருக்கக் கூடாது என்றொரு பெருமை. வட்டி மட்டும் கொழுத்தது.

மாசி மாதம் ஒரு மத்தியானம் வாசலில் வட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம். ஓட நேரமில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? பாப்பா உடுப்பையும் முகமூடியையும் போட்டுக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றேன். யன்னலால் எட்டிப் பார்த்தால், உடுப்புத் தொங்குகிறது என்று நினைக்கட்டும்!

என் மனைவி பிலோமினாவுக்குப் பொய் வராது.

"எங்கை பிள்ளை அவன்?"

"அவர் இல்லை ஐயா. நத்தார் பாப்பாதான் அறைக்குள்ளை நிக்கிறார்."

வட்டிக்காரர் சிரிக்கவில்லை. "நல்லதாப் போச்சு. உயிர்த்த ஞாயிறுக்கு முதல் காசு வரேல்லையெண்டால் இஞ்சினை வித்துப்போடுவன் எண்டு பாப்பாட்டைச் சொல்லு. வாங்க ஆள் நிக்குது."

இஞ்சின் போனால் ஆயுளுக்கும் நான் அடுத்தவன் படகில்தான். அவர் போன பிறகும் முகமூடியைக் கழற்றக் கை வரவில்லை. உள்ளே என் மூச்சு, வேறொருவன் பக்கத்தில் நின்று மூச்சு விடுகிற மாதிரிக் கேட்டது. கண்ணீர் வடிந்து பிளாஸ்டிக் தாடையில் தேங்கியது. ஆண்டவரிடம் முதலில் லொத்தர்ப் பரிசு கேட்டேன். பிறகு வெட்கமாய்ப் போயிற்று. 'என்ரை கையிலை காசு நிக்காது ஆண்டவரே. ஆரையாவது விட்டுப் பறிச்சு வையும்' என்று கேட்டேன். மனதுக்குள்தான் கேட்டேன். உதடு அசையவில்லை.

எங்கள் கரையில் மீனை ஏலம் கூறி, கோயிலுக்கு உரியதைக் கழித்துவிட்டு, ஆளாளுக்குப் பங்கு கொடுப்பவர் சூசை அண்ணை. மறுநாள் என் பங்கை எண்ணினேன்.

"அண்ணை, பாதிதான் கிடக்கு."

"ஓம். மிச்சம் கழிச்சனான்."

"என்னத்துக்கு?"

"இஞ்சினுக்கு."

"பகிடிக்கு இஞ்சை நான்தான் ஆள். காசைத் தாங்கோ."

"தரமாட்டன். வேணுமெண்டால் பொலிசிலை போய்ச் சொல்லு."

பொலிசுக்குப் போகவில்லை. நேரே கோயிலுக்குப் போய், முழங்காலில் நின்று சூசை அண்ணைக்கு எதிராக முறையிட்டேன். பாதி முறைப்பாட்டில் நிறுத்தினேன். நான் கேட்ட செபம் நினைவுக்கு வந்தது. காசு கொடுக்க ஆண்டவர் ஆள் அனுப்புவார் என்று பார்த்திருந்தேன். அவர் பறிக்க ஆள் அனுப்பியிருக்கிறார்.

வீட்டுக்கு ஓடிவந்து பிலோமினாவைக் கேட்டேன். "நீ ஏதும் சூசை அண்ணைக்குச் சொன்னனியோ?"

"எனக்கென்ன விசரோ? வீட்டுக்கு ஒரு விசர் காணும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் பாதி போயிற்று. தேத்தண்ணிக் கடையில் என் பகிடிக்குச் சிரிப்பவர்கள் குறைந்தார்கள். உயிர்த்த ஞாயிறு நெருங்கியபோதும் இஞ்சினை மீட்க இன்னும் கொஞ்சக் காசு குறைந்தது. இரவல் வாங்க ஒருவரும் மிச்சமில்லை. நானும் பிலோமினாவும் செபித்தோம். பெரிய வெள்ளிக்கு முன்பு எங்கள் வலையில் பாரை மீன் பட்டது. வேதத்தில் மீன் பாரத்தால் கிழிந்த இராயப்பரின் வலை மாதிரி எங்கள் வலை கிழியவில்லை. குறைந்த காசுக்குச் சரியாகப் போதுமான அளவுக்குப் பட்டது. புது வலைச் செலவும் வைக்காத ஆண்டவருக்குத் தோத்திரம். சனிக்கிழமை, சூசை அண்ணை கழித்து வைத்திருந்த காசையும் சேர்த்துக் கடனைக் கட்டி, இஞ்சினைத் தோளில் சுமந்து வந்தேன். அழுதுகொண்டுதான் வந்தேன். பார்த்தவர்கள் பாரம் என்று நினைத்தார்கள்.

கழிப்பதை நிறுத்த வேண்டாம் என்று பிறகு நானே சூசை அண்ணையைக் கேட்டுக்கொண்டேன், பாதி அல்ல, ஒரு சின்னத் துண்டு, அடுத்த நத்தாருக்கென்று. இந்த மார்கழியில் அந்தக் காசுக்குள் வீட்டுச் செலவும் முடிந்தது, பாப்பா செலவும் முடிந்தது. பிள்ளைக்கொரு பலூன், ஒரு பிடி இனிப்பு. "சைக்கிள் எங்கை?" என்று ஒருவன் கேட்டான். "பாப்பான்ரை சைக்கிளுக்குக் காத்துப் போட்டுது" என்றேன். தை பிறந்தபோது வாசலில் ஒரு மோட்டார் சைக்கிளும் நிற்கவில்லை.

பண்டிகை முடிந்து, வாசல் சத்தத்துக்குப் பயந்துகொண்டு இதை வாசிக்கிற அன்பர்களே, நம்பிக் கேளுங்கள். என்னைப் போன்ற கோமாளியின் செபத்துக்கே அவர் செவி சாய்த்தார். ஆனால் உதவி நீங்கள் நினைத்த முகத்தோடு வராது. வந்தால் சண்டை பிடிக்காதீர்கள்.

ஒன்று மட்டும் இன்னும் என்னை விடவில்லை. போன கிழமை சூசை அண்ணை மீன் தராசைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். "அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. அண்டைக்கு என்ரை பங்கைக் கழிக்கச் சொல்லி உங்களை ஆர் கேட்டது?"

அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"நீதானே கேட்டனீ."