காயாத சிவப்பு

இதை எழுத எத்தனையோ வருடம் தயங்கினேன். மாதாவைப் பற்றிய காரியம், வீட்டுக்காரரின் மானமும் சேர்ந்த காரியம். ஆனால் ஊரில் இப்போது வேறு கதை நடக்கிறது.

தங்கச்சிமடத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் வீட்டுக்காரர் குடித்துவிட்டு வீட்டிலேயே கிடப்பார். குழம்பில் உப்புக் கூடினால் அடி, குறைந்தாலும் அடி. ஒருமுறை தலையை நிலைக்கதவில் மோதியதில் காது அடைத்துப்போனது. பக்கத்து வீட்டில் அவருடைய அக்கா, என் மதினி. சத்தம் கேட்டால் டிவியைக் கூட்டி வைப்பார்.

"கடலுக்குப் போற ஆம்பளைக்குக் கோவம் இருக்கத்தான் செய்யும். நீ வாயக் குடுக்காத" என்பார்.

அந்தத் தடைக்காலத்தில்தான் காலண்டரிலிருந்த வியாகுல மாதா படத்தைக் கட்டம் போட்டு வரையத் தொடங்கினேன். யாரோ வெளிநாட்டுக்காரர் அந்தக் காலத்தில் வரைந்தது. படம் வரையச் சொல்லித்தரும் செல்போன் வீடியோவில் வெள்ளைக்காரர் பேசியதில் எனக்குப் புரிந்தது 'ஆயில்' மட்டும். மாதா படத்துக்கு வேறென்ன எண்ணெய்? மாதாவின் குகைக் கோயிலான கெபியில் மந்திரித்த தேங்காய் எண்ணெயைப் பெயிண்டில் தாராளமாகக் கலந்தேன்.

முகத்துக்கு முதலில் பச்சை பூசுவதை வீடியோவில் பார்த்திருந்தேன்.

"என்னடி, மாதாவுக்குக் காமாலையா?" என்றார் மதினி.

"மேல தோல் நிறம் வரும் மதினி."

கண்ணுக்குக் கீழே ஊதா நிழலைக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தே வைத்தேன். வாரங்கள் போயும் படம் காயவில்லை.

ஒரு மத்தியானம், பல வாரம் முன்பு பூசியும் ஈரமாகவே இருந்த மாதாவின் சிவப்பு அங்கிக்கு மடிப்பு வரைந்துகொண்டிருந்தேன். "சோத்துக்குப் பதிலா இதத் திங்கவா?" என்று வந்தவர், என் முடியைப் பிடித்து முகத்தைப் படத்திலேயே அடித்தார். மறுபடியும் அடித்தார். மூக்கு சட்டத்தில் இடித்தது. இழுத்துத் திருப்பியபோது என் முகமெல்லாம் சிவப்பு, அவர் கையெல்லாம் சிவப்பு. கைலியில் துடைத்தார், போகவில்லை. தெருவுக்கு ஓடினார்.

"அக்கா, அவள அடிச்சே கொன்னுட்டேன்."

தெருவே கேட்டது. மதினி ஓடிவந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். பெயிண்டுக்கு அடியில் பழைய கன்றல்கள் பச்சையும் மஞ்சளுமாகத் தெரிந்தன. துடைத்த கை நின்றது.

"இது இன்னைக்கு அடிச்சது இல்லையேடி." பிறகு வாசலைப் பார்த்து, "ஏலே, இங்கன வா. எல்லாரு முன்னாடியும் வந்து பாரு" என்றார்.

அன்று என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். தம்பி குடியை விட்ட பிறகே திருப்பி அனுப்பினார். அதற்குப் பின் வீட்டுக்காரர் கை ஓங்கவில்லை.

இப்போது, படம் ரத்தம் சிந்திக் குடிகாரனைத் திருத்தியது என்கிறார்கள். கலைந்த அந்தப் படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். ஆளிவிதை எண்ணெய்தான் காயும், தேங்காய் எண்ணெய் காயாது என்று ராமநாதபுரத்துப் பெயிண்ட் கடைக்காரர் பின்னால் சொன்னார். தெரியாமல் அதைக் கலந்தேனே, அது மாதாவின் இரக்கம்தான். அதற்கு மேல் அவளுக்குப் பொய் வேண்டாம்.

அவர்கள் சொல்லும் கதையில் நான் வாங்கிய அடி இல்லை. நீங்கள் யாரிடமாவது சொன்னால், எழுதியபடியே சொல்லுங்கள். மூக்கில் வந்த ரத்தம் கொஞ்சம்தான், மற்றதெல்லாம் பெயிண்ட். அவர் அடித்தார். அதை விட்டுவிடாதீர்கள்.