தங்க அறையும் கொஞ்சம் கடலும்

தங்கவயலின் நந்திதுர்க் சுரங்கத்தில் இருபது வருஷத்துக்கு மேல் பாறை உடைத்த சம்பங்கி, தங்கத்தை நின்று நிதானமாகப் பார்த்ததெல்லாம் பங்காருபேட்டை அடகுக்கடைக் கண்ணாடி வழியாகத்தான். அதுவும் அவர் மனைவியுடையது.

ஆகவே தெருக்காரர்கள் வேன் பிடித்து ஒரு கடலோர மியூசியத்துக்குப் போகிறார்கள், அங்கே பழங்காலத் தங்கத்துக்கென்றே ஓர் அறை இருக்கிறது என்றதும் முதல் ஆளாய்ப் பேர் கொடுத்தார். மனைவி புஷ்பவல்லிக்கு வேண்டியது கடல். அவள் பார்த்த பெரிய தண்ணீர் பேத்தமங்களா ஏரிதான்.

"கால நனைக்காம வண்டி ஏற மாட்டேன்" என்றாள்.

"ஆறு மணிக்கு வண்டி எடுத்துடுவேன். யாருக்கும் நிக்க மாட்டேன்" என்றான் டிரைவர் வரதன்.

மியூசியத்துக்குள் சம்பங்கி கற்காலத்தை ஒரே எட்டில் தாண்டினார். ரோமாபுரி ஜாடிகளுக்கு ஒரு தலையசைப்பு. பல்லவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவர்கள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. தங்க அறையில் மட்டும் வேர்விட்டு நின்றார். கண்ணாடிக்குள் மிளகளவு மணிகள், நகத்தளவு ஒரு காசு.

"இதுக்கா அவ்ளோ ஆழம் எறங்கினோம்?"

"நல்லாத்தான் கீது. வாங்க, கடல் இருட்டிடும்."

வெளிவாசலில் காவலாளியைக் கண்டதும் சம்பங்கியின் இரண்டு கையும் தாமாக மேலே போயின. ஷிப்ட் முடிந்து வருகிறவன் தங்கம் எதையும் ஒளித்து வரவில்லை என்று கை தூக்கி நிற்பதும், தடவிப் பார்த்தபின் வீட்டுக்குப் போவதும் சுரங்கத்து வழக்கம். பின்னால் வந்த தங்கவயல்காரர்களும் வரிசையாகக் கை தூக்கினார்கள். எந்த ஊரிலிருந்தோ வந்த ஒரு புதுமணத் தம்பதி, இதுதான் சட்டம் போலிருக்கிறது என்று தாங்களும் தூக்கினார்கள்.

காவலாளிக்கு வேலையில் சேர்ந்த நாளாய் இப்படியொரு மரியாதை கிடைத்ததில்லை. எழுந்தார், சட்டையைச் சரிசெய்தார், ஒவ்வொருவராகத் தடவ ஆரம்பித்தார். பெண்களின் பைகளைக் கவிழ்த்தார். முறுக்கு அகப்பட்டது.

"மைன்ஸ் மூடி எத்தினி வருசமாச்சி? உங்க யோக்கியத்துக்கு என் கடலு போவுது" என்றாள் புஷ்பவல்லி.

வெளியே வந்தபோது மணி ஆறு. கூட்டம் வேனில் ஏறியது. புஷ்பவல்லி எதிர்ப்பக்கம் மணலில் நடந்தாள். வரதன் ஹாரன் அடித்தான். சம்பங்கி ஓடிப்போய் ஒரு காலை வேன் படியில் வைத்தார். இன்னொரு கால் ரோட்டிலேயே இருந்தது.

"மாமா, ஏறுங்க, இல்ல எறங்குங்க."

"ஏறிக்கினுதான்பா கீறேன். முட்டி புடிச்சிக்கிச்சி."

தூரத்தில் புஷ்பவல்லி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வரும் அலைக்குப் பின்வாங்கி, போகும் அலையைத் துரத்திக்கொண்டிருந்தாள். சம்பங்கி வெகு நேரம் ஏறினார்.

முழங்கால்வரை நனைந்து, மணலோடு வந்து சேர்ந்தாள்.

"எப்டிமே கீது?"

"பெருசு. நீங்க இன்னாத்துக்கு வரல?"

"நான் வண்டி ஏறிக்கினு இருந்தேன்" என்றார் சம்பங்கி.