யூரியா தின்ற கடல்

போன வாரம் என் கடலுக்கு ஒருவர் உரம் போட்டுவிட்டார்!

ஏற்காட்டில் ஏது கடல் என்கிறீர்களா? இருக்கிறது... ஐந்து கண்ணாடி ஜாடிகளில். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரான அப்பாவின் தயவில், காபிக்கொட்டை காயும் களத்தின் சுவர் மேல். கடலோரக் கல்லூரியில் மூன்று வருடம் படித்துவிட்டுத் திரும்பியபோது நான் கொண்டுவந்த ஒரே சொத்து, ஒரு பாட்டில் நுண்பாசி. கல்லுப்புத் தண்ணீரில் அதைப் பெருக்கி வைத்திருக்கிறேன்.

விசித்திரமான பாசி இது. வயிறு நிறைந்தால் பச்சை. உரத்தை நிறுத்தி, உப்பைக் கூட்டி, வெயிலில் வாட்டினால்தான் தன்னைக் காத்துக்கொள்ள ஆரஞ்சு நிறமியைச் சேர்த்துக்கொள்ளும். அதுதான் ஆன்டிஆக்ஸிடன்ட். தீவனத்தில் கலந்தால் இறாலுக்கு நிறமும் வரும், தெம்பும் வரும் என்பது என் நம்பிக்கை.

நாகப்பட்டினம் பக்கம் இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணைக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார்: "மாசக் கடைசிக்குள்ள ஆரஞ்சா மாத்திக் கொண்டாங்கம்மா. லேப்ல வேலை உங்களுக்குத்தான்."

அந்த லேப் ஜன்னலைத் திறந்தால் அலை தெரியுமாம்!

இங்கே ஏரி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அலையடிக்குமா? ஜாடி மூடியைத் திறந்து உப்பு வாசனையை முகர்ந்து பார்ப்பதுதான் எனக்குக் கடற்கரை. அதற்கும் பனிமூட்டம் விலக வேண்டும். வெயிலுக்காக நான் காத்திருந்த மாதிரி காபிக்கொட்டைகூடக் காத்திருக்காது!

ஒருவழியாக நிறம் மாறத் தொடங்கியது. பச்சை போய் மஞ்சள்... இன்னும் கொஞ்ச நாளில் ஆரஞ்சு. அந்த நேரம் பார்த்து சேலத்தில் அத்தை மகளுக்குக் கல்யாணம். எட்டு நாள் கழித்துத் திரும்பினால் — ஐந்து ஜாடியும் பச்சைப் பசேல்!

எஸ்டேட் நர்சரியில் காபி நாற்று வளர்க்கும் பாப்பாத்தியக்கா சிரித்த முகமாக வந்தார்.

"ஏங் கண்ணு, இப்படி வாட உட்டுட்டுப் போலாமா? மஞ்சளாக் கெடந்துச்சு. ஆளுக்கு ஒரு சிட்டிகை யூரியா போட்டு உட்டேன். பாரு, எப்படித் தெளிஞ்சிருச்சுன்னு!"

காபி இலை மஞ்சளித்தால் யூரியா. இந்த மலையில் இது தெரியாத ஆளே கிடையாது. அவரை என்ன சொல்ல?

"அக்கா, அது பட்டினி கெடந்தாத்தாங்க செவக்கும்..."

"பட்டினி போட்டு வளக்கறதா? நொம்ப நல்லா இருக்குது சாமி உம்பட படிப்பு!"

சிரித்துவிட்டு உள்ளே போய் அழுதேன். மாதம் முடிய ஆறே நாள். மறுபடி பட்டினி போட்டு நிறம் வர மூன்று வாரமாவது ஆகும். நடந்ததை எழுதி, அவகாசம் கேட்டுப் பண்ணைக்காரருக்குக் கடிதம் போட்டேன். பதில் இன்னும் இல்லை. சேலம் பஸ் ஹாரன் கேட்கும்போதெல்லாம், தபால் வந்திருக்குமோ என்று வாசலுக்கு ஓடுகிறேன்.

ஜாடிகளில் புது உப்புத் தண்ணீர் ஊற்றி முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். இப்போது காவல் யார் தெரியுமா? பாப்பாத்தியக்காதான்! "ஆரும் கிட்டப் போவாதீங்க. ரைட்டர் ஊட்டுப் பொண்ணு பட்டினி போட்டிருக்குது" என்று களத்தையே அதட்டுகிறார்.

நேற்று மத்தியானம் ஒரு தட்டில் களியும் கீரையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"காத்தாலயிருந்து ஒண்ணுந் திங்காம தபாலுக்குப் பாத்துட்டுக் கெடக்கறயே கண்ணு... நீயுஞ் செவக்கோணுமா?"

தட்டை வாங்கிக்கொண்டேன். ஜாடிகளுக்கு மட்டும் ஒரு துளிகூடக் காட்டவில்லை!